ஆய்வும் படைப்பும்: அமெரிக்க ஆங்கிலத் துறைகளில் பட்ட மேற்படிப்பு மாணவர் பெறும் வாய்ப்புகள்

இலக்கியம் ஆராயும் மாணவர் இலக்கியம் படைத்தலும் தகுமோ என்னும் வினாவுக்கு நம் தமிழ்த் துறைகளில் வாய் திறந்து விடை கூறுவார் அரியர். ஆயினும் நடைமுறையில் ஒரு விடை நிலவத்தான் செய்கின்றது. எம்மிடம் ஆய்வுக்கு வரும் மாணவருள் சிலர் கவிதையும் சிறுகதையும் எழுதுகின்றனர். எழுதுவதை நெறியாளரிடம் சொல்லத் தயங்குகின்றனர். ஆய்வேட்டுக்குரிய காலத்தை உறிஞ்சும் களையாகவே படைப்பு கருதப்படுகின்றது. அமெரிக்க நாட்டு ஆங்கிலத் துறைகள் இவ்வினாவை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே வெளிப்படையாக எழுப்பி விடையும் கண்டன. அவ்விடையின் பயனாக அங்குள்ள பட்ட மேற்படிப்பு மாணவர்க்கு அமைந்த பயிலரங்குகள், மாநாடுகள், பரிசுகள், பொருளுதவிகள் ஆகியவற்றின் இயல்பை விளக்குவதும், தொடக்கத்தில் ஒன்றாக இருந்த நெறி பின்னர் இரண்டாகப் பிரிந்தமையைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1922-ஆம் ஆண்டில் அயோவாப் பல்கலைக் கழகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. உயர் பட்டங்களுக்கு ஆய்வேடு அளிப்பதற்கு ஈடாகப் படைப்பு நூலையும் அளிக்கலாம் என்பது அதன் சாரம். அன்று அங்குப் பட்ட மேற்படிப்புக் கல்லூரியின் தலைவராக விளங்கியவர் கார்ல் சீஷோர். அவர் இலக்கிய அறிஞர் அல்லர், உளவியல் அறிஞர் என்பது கருதத்தக்கது. 1930-ஆம் ஆண்டில் நார்மன் ஃபோர்ஸ்டர் என்பார் அங்கு இலக்கியப் பள்ளியின் தலைமையை ஏற்றார். மொழியாராய்ச்சி, இலக்கிய வரலாறு, திறனாய்வு, படைப்பு என்னும் நான்கும் ஒரே கல்வியின் உறுப்புகள் என்பது அவர் கொள்கை. எழுதிப் பார்த்தவனே எழுத்தின் இயல்பை உள்நின்று அறிவான் என்றும், கற்றுத் துறைபோகியவனே எழுத்தில் ஆழம் காண்பான் என்றும் அவர் கருதினார். இக்கொள்கையின் விளைவாக 1936-ஆம் ஆண்டில் அயோவா எழுத்தாளர் பட்டறை உருப்பெற்றது. அதன் முதல் தலைவர் வில்பர் ஷ்ராம். அவர் ஆங்கில இலக்கியத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். பின்னாளில் மக்கள் தொடர்பியலின் முன்னோடிகளுள் ஒருவராகப் புகழ்பெற்றார். ஆகவே, ஆராய்ச்சியை வெறுத்தோர் கூடிப் படைப்புப் பட்டறையை அமைத்தனர் என்னும் கருத்துப் பொருந்தாது. ஆராய்ச்சித் துறையின் மடியிலேயே அது பிறந்தது.

இந்நெறி ஒருவர் வாழ்வில் எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு மார்கரெட் வாக்கரைக் காட்டாகக் கொள்ளலாம். அலபாமா மாநிலத்தில் 1915-ஆம் ஆண்டில் பிறந்த இக்கறுப்பினப் பெண்மணி, 1940-ஆம் ஆண்டில் அயோவாவில் முதுகலைப் பட்டம் பெற்றார். பட்டத்துக்கு அவர் அளித்தது கவிதைத் தொகுதி. அத்தொகுதியே ‘என் மக்களுக்காக’ என்னும் பொருளுடைய பெயரோடு, யேல் பல்கலைக் கழகம் இளங்கவிஞர்க்கு வழங்கும் பரிசைப் பெற்று 1942-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. 1919-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் இவ்வரிசையில் இடம்பெற்ற முதற் கறுப்பினப் பெண் கவிஞர் அவரே. மாணவர் ஒருவரின் பட்ட ஏடு பரிசின் வாயிலாகப் பதிப்பாகி நாடெங்கும் சென்ற வகையை இதிற் காண்கிறோம். கூடம், பரிசு, பதிப்பகம் என்னும் மூன்றும் ஒரு சங்கிலியாக அமையாவிடின் அவ்வேடு நூலகத்தின் அடுக்கிலேயே தங்கியிருக்கும்.

அவர் வரலாற்றில் இதனினும் சிறந்த பகுதி பின்னரே வருகின்றது. 1949-ஆம் ஆண்டு முதல் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகர்க் கல்லூரியில் ஆசிரியப் பணி புரிந்துகொண்டும், நான்கு மக்களை வளர்த்துக்கொண்டும், அவர் ஒரு நாவலுக்கான செய்திகளைத் திரட்டி வந்தார். அடிமை வாழ்விற் பிறந்த தம் கொள்ளுப் பாட்டியின் வரலாற்றைத் தம் பாட்டி வாயிலாக இளமையிலேயே கேட்டிருந்தார். கேட்ட கதையை அப்படியே எழுதிவிட அவர் மனம் ஒப்பவில்லை. ஆவணக் களரிகளையும் அடிமைகளின் வாக்குமூலங்களையும் உள்நாட்டுப் போர் வரலாற்று நூல்களையும் ஆண்டுக் கணக்கில் பயின்றார். பின்னர் மீண்டும் அயோவாவுக்குச் சென்று, அந்நாவலையே டாக்டர் பட்டத்துக்கு அளித்து 1965-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். ‘ஜூபிலி’ என்னும் அந்நாவல் 1966-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நூலை எழுதிய முறையைப் பற்றி 1972-ஆம் ஆண்டில் தனியே ஒரு கட்டுரை நூலும் வெளியிட்டார். இங்கு ஆய்வு எங்கே முடிகின்றது, படைப்பு எங்கே தொடங்குகின்றது என்று கோடு கிழித்துக் காட்ட எவராலும் இயலாது. ஃபோர்ஸ்டர் கண்ட கனவு நனவானது வேறெவரிடத்தையும் விட இவரிடத்தில்தான் என யாம் கருதுகிறோம்.

இனிப் பட்டறை நடைபெறும் முறையைக் காண்போம். எம்.எப்.ஏ. எனப்படும் நுண்கலை முதுநிலைப் பட்டத்துக்கு அயோவாவில் ஈராண்டுக் காலம் பயில வேண்டும். சேர்க்கைக்கு முதன்மையாகக் கருதப்படுவது விண்ணப்பத்தோடு அனுப்பும் கையெழுத்துப் படியே. மதிப்பெண் பட்டியல் அதற்கு அடுத்த நிலையினதே. வாரந்தோறும் ஒன்றிரு மாணவரின் கதையோ கவிதைகளோ முன்னரே படியெடுத்து அனைவர்க்கும் வழங்கப்பெறும். எல்லோரும் வரிக்கு வரி குறிப்பெழுதிக்கொண்டு வருவர். கூட்டத்தில் ஆசிரியர் நடுவராக இருக்க, மாணவர் ஒருவர் பின் ஒருவராகத் தம் கருத்தைக் கூறுவர். எழுதியவர் மட்டும் வாய் திறத்தல் கூடாது. தம் படைப்பைப் பிறர் எவ்வாறு தவறாக விளங்கிக்கொண்டாலும், முடியும் வரை கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். ‘அச்சேறிய நூலின் பக்கத்தில் நின்று விளக்கம் கூற ஆசிரியன் வரமுடியாது அன்றோ?’ என்பது இவ்விதிக்குக் கூறப்படும் காரணம்.

இவ்விடத்தில் தமிழ் பயின்றார்க்கு அரங்கேற்றம் நினைவுக்கு வருதல் இயல்பே. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசிரியர் கேட்ப அரங்கேறியது எனச் சிறப்புப் பாயிரம் கூறும். அதற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், அதங்கோட்டாசிரியர் குற்றம் காணும் கருத்தோடு எழுப்பிய வினாக்கள் அனைத்துக்கும் நூலாசிரியர் விடை அளித்தார் என ஒரு வரலாற்றை எழுதுவர். அவ்வரலாறு மெய்யோ புனைவோ என்பது ஈண்டு ஆராய்ச்சி அன்று. நம் முன்னோர் எண்ணிய அவை தடையும் விடையும் கூடியது என்பதே யாம் சுட்ட விரும்புவது. அங்கு நூலாசிரியன் பேசியே ஆகவேண்டும். அயோவாவில் பேசவே கூடாது. இரண்டும் ஒன்றே என்று கூறுவார் சிலர் உளர். அவர் கூற்று ஏற்புடைத்தன்று. வாய் மூடியிருக்கும் விதி, கூடியிருப்போர் அனைவரும் ஒரே வகைப் பண்பாட்டினர் என்னும் எண்ணத்தை உட்கொண்டது. வேற்று மொழிச் சூழலிலிருந்து வந்த மாணவரின் கதையில் ஒரு சடங்கோ உறவுமுறையோ வந்தால், மற்றவர் அதனை விளங்காதது என்று ஒதுக்கும்போது எழுதியவர் விளக்கமுடியாமல் அமர்ந்திருக்க நேரும். மாத்யூ சலேசஸ் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும், அதே ஆண்டில் ஃபெலிசியா ரோஸ் சாவேஸ் வெளியிட்ட நூலும் இக்குறையை விரித்துரைக்கின்றன. எழுதியவரே முதலிற் பேசித் தமக்கு வேண்டிய வினாக்களை எழுப்பும் முறையைச் சில பட்டறைகள் இப்போது கையாள்கின்றன. நம் அவையின் இயல்புக்கு அது சற்று அணுக்கமானது.

விதி எதுவாயினும், பட்டறையின் வாயில் அகன்றே இருந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஃபிளானரி ஓ’கானர் 1945-ஆம் ஆண்டில் அயோவாவுக்கு வந்தது இதழியல் பயில. பட்டறையின் தலைவர் பால் எங்கிளைக் கண்டு பேச முற்பட்டபோது அவருடைய தென்னாட்டுப் பேச்சு எங்கிளுக்கு விளங்கவில்லையாம். சொல்ல வந்ததை எழுதிக் காட்டுமாறு கேட்டுக்கொண்டதாக எங்கிள் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1947-ஆம் ஆண்டில் அவர் சிறுகதைத் தொகுதி ஒன்றை அளித்துப் பட்டம் பெற்றார்.

வாய்ப்பு என்னும்போது பொருளைப் பற்றியும் கூறியாக வேண்டும். அமெரிக்க ஆங்கிலத் துறைகளில் பட்ட மேற்படிப்பு மாணவர் பலர் தம் கல்விக் கட்டணத்துக்கும் உணவுக்கும் நம்பியிருப்பது கற்பித்தல் உதவியாளர் பணியை. முதலாண்டு இளங்கலை மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சி அளிப்பதே அப்பணியின் பெரும் பகுதி. நாற்பது, ஐம்பது கட்டுரைகளைத் திருத்திவிட்டு இரவில் தம் ஆய்வுக்கோ கதைக்கோ அமரவேண்டும். இப்பணி பயிற்சியா ஊழியமா என்னும் வழக்கு நெடுநாளையது. விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் 1966-ஆம் ஆண்டில் கற்பித்தல் உதவியாளர் தமக்கெனச் சங்கம் ஒன்றை அமைத்து, 1970-ஆம் ஆண்டில் பல்கலைக் கழகத்தோடு ஒப்பந்தமும் செய்துகொண்டனர். அயோவாவில் இத்தகைய சங்கம் 1996-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. வகுப்பெடுக்கும் கடமை இன்றி எழுத்துக்கு மட்டுமே காலம் தரும் உதவிகளும் உண்டு. ஆனால் அவை மிகச் சிலவே. அயோவாவில் பயின்ற வாலஸ் ஸ்டெக்னர் இரண்டாம் உலகப் போரின் பின்னர் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய எழுத்துப் பயிற்சியை ஒட்டி எழுந்த உதவித்திட்டம் அவற்றுள் தலையாயது. ஈராண்டுக் காலம் பொருளுதவி உண்டு, பட்டம் இல்லை என்பது அதன் தனித்தன்மை.

இனி, பிளவைப் பற்றிக் கூறுவோம். 1883-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நவீன மொழிக் கழகம் அந்நாட்டு மொழி இலக்கிய ஆராய்ச்சியாளரின் பேரவை. அதன் ஆண்டு மாநாட்டில் கட்டுரை படிப்பது ஆய்வு மாணவர் தம் துறைக்குள் நுழையும் வாயில். அமர்வை அமைப்போர் பொருளைக் குறித்து அழைப்பு விடுப்பர். மாணவர் சில நூறு சொற்களில் தம் கட்டுரைச் சுருக்கத்தை அனுப்புவர். ஏற்கப்பெற்றால் பதினைந்து இருபது நிமிடம் பேசலாம். நெடுங்காலம் இம்மாநாடு கிறித்து பிறந்த நாளை அடுத்து, டிசம்பர் இறுதியில் நடைபெற்றது. 2011-ஆம் ஆண்டு முதல் சனவரிக்கு மாற்றப்பட்டது. கட்டுரை படிப்பதற்காக மட்டுமன்றி வேலைக்காகவும் மாணவர் அங்கு வந்தனர். பல்கலைக் கழகத்தார் விடுதி அறைகளில் தங்கி நேர்காணல் நடத்துவது வழக்கம். வேலை கிடைக்கும் என்னும் உறுதி இன்றியே வானூர்திக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் கடன் வாங்கிச் செலுத்திய மாணவர் எத்துணையோ பேர். இந்நாளில் நேர்காணல்கள் பெரும்பாலும் காணொளி வாயிலாகவே நிகழ்கின்றன, அச்செலவு குறைந்தது. 2008-ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் விளம்பரமாகும் ஆசிரியப் பணிகளின் தொகை குறைந்தமையோ பெருங்குறையாக நிற்கின்றது.

இவ்வாராய்ச்சிப் பேரவையில் தமக்கு உரிய மதிப்பு இல்லை எனப் படைப்பெழுத்து ஆசிரியர் எண்ணினர். 1967-ஆம் ஆண்டில் பதின்மூன்று எழுத்துப் படிப்புகளைச் சார்ந்த பதினைந்து எழுத்தாளர் கூடித் தமக்கெனத் தனிச் சங்கம் ஒன்றை அமைத்தனர். ஆர். வி. கேசிலும் ஜார்ஜ் காரெட்டும் அதன் முதல்வர். ஏ.டபிள்யூ.பி. என்று சுருக்கமாக வழங்கும் இச்சங்கத்தின் முதல் மாநாடு 1973-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஆறே நிகழ்ச்சிகளுடன் நடைபெற்றது. இன்று ஆண்டுதோறும் பதினாயிரம் பேர் அளவிற் கூடும் பெருந்திருவிழாவாக அது வளர்ந்துள்ளது. அதன் உயிர்நிலை புத்தகச் சந்தையே என்பது எம் எண்ணம். சிற்றிதழ்களின் பதிப்பாசிரியர் மேசையிட்டு அமர்ந்திருப்பர். மாணவர் தாம் நடத்தும் துறை இதழோடு அங்குச் செல்வர். படைப்பை அனுப்புவோரும் அதனைத் தேர்வோரும் முகம் காணும் இடம் அது. வியப்பு யாதெனில், இச்சங்கத்தை நிறுவிய கேசிலே 1980-களின் தொடக்கத்தில் அதன் மேடையில் நின்று, இச்சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்னும் கருத்துப்படப் பேசினார். எழுத்தாளர் தம் எழுத்தை விட்டுப் பதவி உயர்வுக்கும் பட்டியலுக்கும் வெளியிடுவோராக மாறிவிட்டனர் என்பது அவர் மனக்குறை. ஆராய்ச்சியாளரைக் குறித்துத் தாம் கூறிய குறை தம்மவரிடமே வந்து சேர்ந்தமையை அவர் கண்டார் போலும்.

இவ்வாறு ஒரே கட்டடத்தில் இருக்கும் இரு மாணவர் இருவேறு மாநாடுகளுக்குச் செல்கின்றனர். ஒருவர் எழுதுவதை மற்றவர் படிப்பதில்லை. ஆய்வு மாணவரின் உரைநடை இறுகிவிடுகின்றது. படைப்பு மாணவரின் படிப்பு அண்மைக் காலத்தோடு நின்றுவிடுகின்றது. மார்கரெட் வாக்கர் போன்றார் மீண்டும் தோன்றுதற்கு இது தடை அன்றோ? இக்குறையை உணர்ந்தே ஹூஸ்டன், டென்வர், யூட்டா முதலிய பல்கலைக் கழகங்கள் படைப்பெழுத்தில் டாக்டர் பட்டம் வழங்குகின்றன. நாவலோ கவிதைத் தொகுதியோ அளிப்பவரும் இலக்கிய வரலாற்றிலும் திறனாய்விலும் பாடங்கள் பயின்று விரிவான தேர்வுகளில் தேறவேண்டும் என்பது இவற்றின் பொதுநெறி. நம் துறைகள் எண்ணிப் பார்க்கத்தக்க முறை இதுவே, எம்.எப்.ஏ. பட்டத்தின் மேற்கட்டை மட்டும் பெயர்த்து இங்கு நடுவதால் விளைவது யாதும் இல்லை.

பரிசுகளைப் பற்றி ஒரு சொல். முதல் நூலுக்கான போட்டிகள் பல, நுழைவுக் கட்டணம் பெறுகின்றன. ஒரு போட்டிக்குச் சிறு தொகைதான். பத்துப் போட்டிக்கு அனுப்பினால் ஏழை மாணவரின் ஒரு மாத உணவுச் செலவில் நல்ல பங்கு போய்விடும். தோற்றோர் செலுத்தும் கட்டணத்தால் வென்றோர் நூல் அச்சாகின்றது என்று கூறினும் மிகையாகாது. வெர்மான்ட் மாநிலத்தில் 1926-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் பிரெட் லோஃப் கோடை மாநாட்டில், உதவி பெற்று வரும் இளம் எழுத்தாளர் மற்றவர்க்கு உணவு பரிமாறும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதனைத் தோழமைக்கு வழி என்று போற்றினாரும் உளர். இழிவு என்று நொந்தாரும் உளர். பின்னர் அது கைவிடப்பட்டது.

இவ்வமைப்பு முழுவதும் அரசியலுக்கு அப்பாற்பட்டதும் அன்று. எரிக் பென்னட் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி நூல், பனிப்போர்க் காலத்தில் எங்கிள் நிறுவனங்களிடமும் செல்வரிடமும் பொருள் திரட்டிய வகையை ஆவணங்களால் விளக்குகின்றது. நடுவண் உளவுத் துறையின் மறைமுகக் கருவியாக இயங்கிய ஃபார்ஃபீல்ட் அறக்கட்டளையின் பொருளும் அயோவாவுக்கு வந்தமையை அவர் வெளிப்படுத்தினார். மார்க் மக்கர்ல் 2009-ஆம் ஆண்டில் எழுதிய நூலோ, போருக்குப் பிந்திய அமெரிக்கப் புனைகதையைப் பல்கலைக் கழகப் பட்டறையை விலக்கி விளங்கிக்கொள்ளவே இயலாது என்று நிறுவுகின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே படிக்கும் மாணவர், உதவி எவரிடமிருந்து வருகின்றது என்பதையும் தம் ஆராய்ச்சியின் பொருளாக்கக் கற்றுக்கொள்வர்.

அப்பொருளின் ஒரு கிளை தமிழுக்கும் வந்தது. பால் எங்கிளும் சீன எழுத்தாளர் ஹுவாலிங் நியேவும் 1967-ஆம் ஆண்டில் அயோவாவில் உலக எழுத்தாளர் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். பட்டமும் தேர்வும் அற்ற இத்திட்டத்தில் பல நாட்டு எழுத்தாளர் சில திங்கள் உடன் உறைந்து எழுதுவர். 1973-ஆம் ஆண்டில் அதில் பங்குகொண்ட அசோகமித்திரன், அவ்வாழ்வை ‘ஒற்றன்!’ என்னும் நாவலாக்கினார். தனித்தனிச் சிறுகதை போல் நிற்கும் இயல்களால் ஆன அந்நாவலை, பென்னட்டின் நூலோடு ஒப்பிட்டு ஆராய்தல் நம் முதுகலை மாணவர்க்கு நல்லதோர் ஆய்வுப் பொருளாகும். அயோவாப் பட்டறையிலேயே முறையாகப் பயின்று பட்டம் பெற்றவர் ஈழத் தமிழ்க் குடும்பத்தில் அமெரிக்காவில் பிறந்த வி. வி. கணேசானந்தன். 1980-களின் யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட அவருடைய ஆங்கில நாவல் ஏறத்தாழ இருபதாண்டு உழைப்பில் உருவாகி 2023-ஆம் ஆண்டில் வெளிவந்து, 2024-ஆம் ஆண்டில் பெண் எழுத்தாளர்க்கான பிரித்தானியப் பரிசைப் பெற்றது. வாய்மொழிச் சான்றும் வரலாற்று ஆவணமும் புனைவில் இயையும் முறைக்கு ‘ஜூபிலி’யோடு அதனை ஒப்பிடுதல் தகும்.

2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்க வெளியுறவுத் துறை இவ்வுலகத் திட்டத்துக்கு அளித்து வந்த பொருளுதவியை நிறுத்தியது. இளையோர்க்கான கோடைப் பயிற்சி கைவிடப்பட்டது. இலையுதிர்கால உறைவுக்கு அழைக்கப்பெறும் எழுத்தாளரின் தொகையும் குறைக்கப்படும் எனத் திட்டத்தார் அறிவித்தனர்.